உப்பு இறங்கும் நேரம்

மூன்றாம் நாளாகக் குழாயில் காற்றுதான்.
திருகினால் ஒரு பெருமூச்சு,
பிறகு துருநிறத்தில் ஒரு சொட்டு.
நீலத் தோம்பில் பாதிக்கும் கீழே தண்ணீர்.
நாளைக்குச் சோறு, இன்றைக்குக் குளியல்,
கழிப்பறைக்கென்று தனியாக இரண்டு வாளி.
குணாளன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கையில்
வெட்சூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நுழைகிறேன்.

"அதுக்கும் பங்கா?"

அதுக்கும்தான்.

பத்து காவான் கடலில் பத்தொன்பது கூண்டுகள்,
எல்லாம் சியாக்காப் மீன்.
அடிவலையில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவது என் வேலை.
விடியுமுன் பாடாங் செராயிலிருந்து மோட்டார்,
முன்னால் போகும் செம்பனை லோரியிலிருந்து
எப்போது ஒரு குலை விழுமோ என்று
ஒரு கண்.
மாலையில் திரும்பும்போது
குப்பைப் பைக்குள் சுருட்டி
கொஞ்சம் கடலையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.

சுங்கை பட்டாணி பண்டல் கடையில் நாற்பது வெள்ளி.
கழுத்தின் உள்பக்கம் வெள்ளை மையில்
எனக்குப் படிக்கத் தெரியாத மூன்று எழுத்து.
ஜப்பான் சரக்கு என்றான் கடைக்காரன்.
யாருடைய பெயரோ, எந்தக் கரையோ.
அந்த இடத்தை மட்டும் அழுத்தித் தேய்ப்பதில்லை.

சுடுதண்ணீர் ஆகாது. கிளோராக்ஸ் ஆகவே ஆகாது.
ஒருமுறை உதவி செய்வதாக நினைத்து
குணாளன் இதைத் துணி இயந்திரத்தில் போட்டார்.
முழங்கால் தையல் வாய்பிளந்தது.
நான்கு நாள் பேச்சில்லை.
ஐந்தாம் நாள் டயர் கடையிலிருந்து வரும்போது
சட்டைப்பையில் ஒரு பசைக்குழாய்.
இரண்டு உதட்டிலும் தடவி, காயவிட்டு,
மறுபடி தடவி, காயவிட்டு,
பஞ்சர் ஒட்டுகிற அதே முகத்தோடு
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார்,
பத்து நிமிடம், என்னைப் பார்க்காமல்.

ஜிப்பின் பற்களுக்கு மெழுகு:
புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயில் திருவிழாவில் வாங்கி
ஏற்ற மறந்த மெழுகுவத்தி.

வெளியே சொல்லாத ஒன்று உண்டு.
இரண்டு மணிநேரம் அடியில் கிடப்பவள்
மேலே ஏறி வந்தா போவாள்?
குளிரில் அந்தச் சூடு ஒரு நிமிடச் சுகம்.
ஆகவே உள்ளை வெளியே புரட்டு.
ஒரு மூடி குழந்தை ஷாம்பு. கால்பகுதியில் இரண்டு மூடி.

வாங்கிய புதிதில் கம்பி ஹேங்கரில் மாட்டினேன்.
இரவு பின்வாசலில் கறுப்பாய் ஓர் ஆள்,
கால் தரை தொடாமல்.
மக்சிக் ரோஹானா அலறியதில்
லோரோங் முழுக்க விளக்கு எரிந்தது.
இதே வரிசையில், கடைசி வீட்டில்,
நிஜமாகவே ஒருவரை இறக்கியிருக்கிறார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
அன்றிலிருந்து தடித்த பிவிசி குழாய்,
அதன்மேல் இடுப்பில் மடித்து, நிழலில்.
தொலைத்த தோட்டைக் குனிந்து தேடும் பெண்போல் கிடக்கிறது.
தோளும் இழுபடுவதில்லை.
முதலில் உள்பக்கம் காயவேண்டும், பிறகு வெளிப்பக்கம்.
வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.
நிழலில் போட்டால்
மில்லின் புளித்த பழ வாடை ஏறிவிடும்.
ஏறட்டும்.

இப்போது தொட்டியில் இருபது லிட்டர்.
அரைமணி நேரம் அமுக்கி வைத்திருக்கிறேன்.
கைகள் மிதந்து மிதந்து மேலே வருகின்றன.
உப்பு தானாகத்தான் இறங்கும்.

குணாளன் கதவோரம் நின்று பார்க்கிறார்.
ஒன்றும் சொல்லாமல்
கழிப்பறைக்கென்று ஒதுக்கிய இரண்டு வாளியையும்
தோம்பில் திருப்பி ஊற்றுகிறார்.
"இந்தத் தண்ணி அங்க போவட்டும்."

சட்டையைப் பிழியாமல், தட்டி வடித்து எடுத்தேன்.
தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு வாளியில் நிரப்பினேன்.
அடியில் கடுகளவு ஒரு சிப்பித்துண்டு.
விளக்கில் காட்டிப் பார்த்தேன், உள்ளே நீலம்.
வைக்க இடம் தோன்றவில்லை.
அதையும் சேர்த்து ஊற்றிவிட்டேன்.

நாலரைக்கு எழவேண்டும்.
இடது கை இன்னும் சொட்டுகிறது.